பகல் வெள்ளி

மாலை நாலரை மணி. மண்ணரை ஊரில் தன் வீட்டுக்குப் பின்னால் ஷாஹிதா தொலைநோக்கியில் செல்போனைப் பொருத்தி, பகல் வானத்தில் மங்கலாகத் தெரியும் வெள்ளிக் கோளைப் படமெடுக்கிறாள். எடுத்ததைப் பார்க்கப் போனைக் கழற்றிக்கொண்டு நிழலுக்கு நகர்கிறாள். பனியன் கம்பெனியிலிருந்து திரும்பிய கணவன் தௌபிக், "எங்க உன்ற வெள்ளி?" என்று தொலைநோக்கியின் குழாயை இழுத்துத் திருப்பிக் குனிகிறான். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். குழாய் சூரியனுக்கு நேரே நிற்கிறது. அதன் துளையிலிருந்து வெளிச்சம் அவன் கன்னத்தில் வெள்ளைப் பொட்டாக விழுந்து, கண்ணை நோக்கி ஏறுகிறது. "கண்ண வெக்காதீங்க!" பாய்ந்து வந்து தள்ளுகிறாள். துவைக்கும் கல்லருகே இருவரும் விழுகிறார்கள். அவன் கண்ணைப் பொத்தியிருக்கிறான். "கைய எடுங்க. இது எத்தன வெரலுங்க?" "மூணு." "இப்ப?" "ரெண்டு. கண்ணுல படவே இல்ல ஷாஹி, கன்னந்தான் சுட்டுது." அவள் தலையாட்டுகிறாள். விரல்களை மறுபடியும் மாற்றிக் காட்டுகிறாள்.