கண் மூடாத படம்

“கண்ணைத் திறந்து வைச்சிருங்க, அக்கா. ஒரு நிமிசம்தான்.”

படம் எடுக்கும் அபூதாஹிர், தன் வீட்டு முன்னறையில், கமராவில் பூட்டியிருந்த பிளாஷை முடுக்கினார். அது ‘கீஈ...’ என்று மெல்லத் தொடங்கி உச்சத்துக்கு ஏறியது. வெளிச்சம் வருமுன்பே கதிரையில் இருந்த கனகம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள். தோள்கள் காதுவரை ஏறிவிட்டன.

போன கிழமை எடுத்த படமும் இப்படித்தான். கிராமத்து அலுவலரான விதானையார் திருப்பி அனுப்பிவிட்டார். கண் மூடிய படத்துக்கு அடையாள அட்டை கிடைக்காது. அட்டை இல்லாமல் கண்டி வீதிச் சோதனைச் சாவடியைத் தாண்ட ஏலாது. கண்டி ஆஸ்பத்திரியில் கால் போய்க் கிடக்கும் மகனைப் பார்க்கவும் ஏலாது.

“வெளிச்சம் ஒண்டும் செய்யாது, அம்மா,” என்றார் கூட வந்த வீரக்குட்டி. வெருகல் பக்கமிருந்து இடம்பெயர்ந்தவர்களின் முகாமுக்கு அவர்தான் தலைவர். துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடத்திப் பழகிய குரல்.

“வெளிச்சம் இல்லைத் தம்பி. அந்தச் சத்...”

“நானா, வெளியில வைச்சு எடுங்கோவன். வெயிலில என்னத்துக்குப் பிளாஷ்?” வீரக்குட்டி அபூதாஹிரிடம் குறுக்கிட்டார்.

“முன்னால நேவி சென்ட்ரி துவக்கோட காவல் நிக்கிறான், தலைவர். கமராவோட வாசலுக்குப் போனா, படம் வராது. நானும் திரும்பி வரமாட்டன்.”

“அப்ப சனம் எங்க போறது? ஏழையின்ர கண்ணை மூடி வைச்சுத்தானே இந்த நாட்டை...”

வீரக்குட்டி தொடங்கிவிட்டார். இனி இலேசில் முடியாது. கனகம்மா இரண்டு தரம் வாயைத் திறந்து பார்த்தாள். பிறகு, தேத்தண்ணி கொண்டுவந்த அபூதாஹிரின் மனைவி ஸல்ஹாவின் காதில் எதையோ சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிய வாங்க,” என்றார் அபூதாஹிர்.

தெருவுக்கு வந்ததும் வீரக்குட்டி பொரிந்து தள்ளினார். “பார்த்தீங்களே? அகதி எண்டா அலைக்கழிக்கலாம் எண்ட நினைப்பு. எங்கட சனம் எண்டா அவைக்கு இளக்காரம்!”

வெள்ளிக்கிழமை போனபோது பிளாஷ் இரண்டு துண்டாகியிருந்தது. விளக்குத் தலை மட்டும் சுவரில் தொங்கியது, வெள்ளைத் துணியால் முகம் கட்டி. அதன் பற்றரிப் பெட்டியைக் காணவில்லை. நீட்டு வயர் ஒன்று உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் போனது.

“நல்ல சாமானை உடைச்சுப்போட்டீங்களே, நானா!”

“பாவிக்கச் சுகமா மாத்தினனான்.” அபூதாஹிரின் விரல் நுனி கறுத்திருந்தது. “ஒருக்கா கரண்ட் அடிச்சும் போட்டுது.”

கனகம்மா கதிரையில் இருந்தாள். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அபூதாஹிர் கமராவுக்குப் பின்னால் போய் நின்று, திரைச்சீலைப் பக்கம் பார்த்து இருமினார்.

உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

“தங்கச்சி! இஞ்ச படம் எடுக்கினம். நிப்பாட்டுங்கோ!” வீரக்குட்டி கத்தினார்.

மெஷின் இன்னும் வேகமாக ஓடியது.

“பெருநாள் சட்டை அவசரமாக்கும்! எங்கட சனத்தின்ர அவசரம் ஆருக்குத் தெரியுது?”

“விடுங்கோ தம்பி,” கனகம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. “என்ர மகளும் உப்பிடித்தான். மெஷினில இருந்தா வீடு பத்தினாலும் எழும்பாள்.”

பளிச்!

கனகம்மாவின் கண்கள் திறந்தே இருந்தன. அந்தச் சிரிப்பின் மிச்சமும் அவற்றில் இருந்தது.

“வடிவா விழுந்திருக்கும், அக்கா. இனி மகனைப் பார்க்கலாம்.”

அவள் கும்பிட்டுவிட்டுச் செருப்பைப் போட வாசலுக்குப் போனாள். வீரக்குட்டி போகவில்லை.

“நானா, நான் ஒளிச்சுக் கதைக்கிறவன் இல்லை. ஒரு நிமிசம் அந்த மெஷினை நிப்பாட்டினா என்ன குறைஞ்சு போகும்?”

அபூதாஹிர் திரைச்சீலையை விலக்கினார். ஸல்ஹா முக்காட்டை இழுத்துவிட்டு மெஷினை நிறுத்தினாள். அவள் காலடியில், தலையணைகளுக்கு நடுவே பிளாஷின் பெட்டி. அடுத்த படத்துக்காக அது ‘கீஈ...’ என்று ஏறிக்கொண்டிருந்தது.

வீரக்குட்டியின் கழுத்து தானாக உள்ளே போனது.

“ஷெல் வாற சத்தம் மாதிரி இருக்கு எண்டு அக்கா அண்டைக்கே சொன்னவ,” என்றாள் ஸல்ஹா மெதுவாக. “நீங்கதான் கதைச்சுக்கொண்டு இருந்தீங்க.”

வீரக்குட்டி மெஷினைப் பார்த்தார். அதில் துணி இல்லை. ஊசியில் நூலும் இல்லை.