சாய்ந்த வீடு

மரக்காணம் உப்பள ஓரத்தில் மினி லாரி ஒன்று பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது. சமைத்துச் சாப்பிட லாரியை ஓரங்கட்டிய இடத்தில், கெட்டித் தரையென்று நம்பிய வெள்ளைப் பொருக்கு உடைந்து பின்சக்கரங்கள் சேற்றில் இறங்கிவிட்டன. லாரியின் முன்பாதி வீடு: சங்கிலியில் தொங்கும் கட்டில், ஸ்டவ், கொடியில் ஆடும் சேலை. பின்பாதியில், ஊர் ஊராகத் திருவிழாக்களில் தெய்வநாயகி மரணக் கிணற்றுச் சுவரில் ஓட்டும் மோட்டார் சைக்கிள். சாயங்காலம் வானூரில் ஆட்டம். பின்கதவு சரிவாக இறக்கப்பட்டிருக்கிறது. அதன் தகரத்தில் மதிய வெயில் கண்ணைக் கூச வைக்கிறது. உள்ளே மீன்குழம்பு ஒருபக்கமாகத் தளும்ப, அவள் கணவன் கார்த்திகேசன் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"டிராக்டர் வரட்டும்மா, சேத்துல உழுந்துடுவ," என்கிறாள் வரப்பில் உப்பு வாரும் ஆண்டாள்.

"செவுத்துலயே ஓட்டுறேங்க்கா. சேத்துல ஓட்ட மாட்டனா?"

தெய்வநாயகி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறி உதைக்கிறாள். சத்தத்தில் நாரைகள் எழும்புகின்றன. வண்டி தகரத்தில் தடதடவென்று இறங்குகிறது, பின்சக்கரம் ஒருமுறை வழுக்குகிறது, அவள் இடுப்பை மட்டும் சாய்க்கிறாள். வண்டி வரப்பேறி நிற்கிறது. பாரம் குறைந்த லாரி முனகிக்கொண்டு நிமிர்கிறது. கார்த்திகேசன் பக்கவாசல் வழியாகச் சட்டியை ஆண்டாளிடம் நீட்டிவிட்டு ஸ்டியரிங்குக்குத் தாவுகிறான். சக்கரங்கள் சேற்றை வாரி இறைக்கின்றன, கவ்வுகின்றன, வீடு மொத்தமும் பாத்திரச் சத்தத்தோடு ரோட்டில் ஏறுகிறது.

"கொழம்பு சிந்திடுச்சா?" தெய்வநாயகி கேட்கிறாள்.

தலைத்துணியால் சட்டியை அணைத்தபடி, முகமெல்லாம் சேறாக ஆண்டாள் நிற்கிறாள்.

"ஒரு சொட்டு சிந்த உடலம்மா."