சொட்டு மருந்து

மழைக்காட்டு ஊரை மண்சரிவு ஆட்களோடு விழுங்கி மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் தடுப்பூசி நாளில் நர்ஸ் ஐஸ்பெட்டியோடு மலையேறிவிடுவாள். ஊருக்கு முந்தைய வளைவில் நின்று குரல் கொடுப்பாள். பதில் குரல் கேட்ட பிறகே உள்ளே நுழைய வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். திரும்பும்போது பெட்டி காலியாக இருக்கும்.

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "அங்க ஈ காக்கா கூட இல்லம்மா. மருந்தை எங்க கொட்டுறீங்க? இனிமே ஒரு சொட்டு தரமாட்டேன்."

"தரலைன்னாலும் போவேன் சார். சரிவுக்கு முந்தின வாரம் பிறந்தது, இப்ப உட்காருது. அம்போன்னு விடச் சொல்றீங்களா?"

"எதும்மா உட்காருது?"

அவள் சுட்டுவிரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நேத்து சொட்டு மருந்து விடும்போது கடிச்சுடுச்சு."

விரல் நுனியில் அரிசி அளவில் இரண்டு பல்தடங்கள். தடத்துக்குள் மலைச்சேறு இன்னும் ஈரமாக இருந்தது.