காற்றின் கோடு

ஜோஸ்பினின் காரை வில்லியனூரில் இரண்டு மெக்கானிக்குகள் கைவிட்டிருந்தார்கள். ஸ்டார்ட் செய்து, ஓட்டாமல் நிறுத்திவைத்தாலே இன்ஜின் உதறும். மூன்றாவதாக வந்த பாகூர் மெக்கானிக் ஆபித், இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு சென்சாராகப் பிடுங்கிப் பார்த்தான். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சாரைக் கழற்றியதும் உதறல் அடங்கியது.

"மாட்டிக்கிச்சிக்கா! மூணு நாளா ஆட்டம் காட்னது இதான்!"

ஜோஸ்பின் கைதட்டினாள். ஆபித் இன்ஜினை அணைத்து, காரோடு இணைத்திருந்த ஸ்கேனரை அவள் கையில் கொடுத்தான். கழற்றிய சென்சார் மேசைமேல் கிடந்தது. ஆனாலும் ஸ்கேனர் திரையில் காற்றின் அளவைக் காட்டும் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாப்பா, யாரோ மூச்சு வுடுற மாதிரி கீது?"

"ஒயர் கோளாறுக்கா. அதையும் புடிச்சிடுறேன் பாரு!"

துள்ளலோடு பானட்டுக்குள் குனிந்தான். கோடு சட்டென்று அசையாமல் நின்றது. டார்ச் எடுக்க அவன் விலகிப் போனான். கோடு ஒருமுறை நீளமாக ஏறி, மெதுவாக இறங்கியது.