சாம்பல் நிறச் சட்டை

“இன்னிக்கி வுட்டா அவ்ளோதான், ஓடிப் போயி கேளு! அப்பா செம மூடுல கீறாரு.”

கேட்டைத் திறந்துகொண்டே கிசுகிசுத்தாள் ஆரோக்கியமேரி. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து பைக்கை விரட்டிக்கொண்டு வந்திருந்த தாவீது குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான்.

“யூனிஃபார்மோட வந்துட்டேன் மேரி. வெள்ளைச் சட்டைய மாத்திக்கினு...”

“நீ மாத்திக்கினு வர்றதுக்குள்ள அவரு மாறிடுவாரு. மீன் கொழம்ப ரெண்டாம் வாட்டி கேட்டு வாங்கி சாப்ட்டாரு. போ, போ!”

அப்பா வாயால் ‘சரி’ என்று ஒரு வார்த்தை. மேரிக்கு அது போதும். ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால்கூட அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

ஆனால் பாக்கியநாதன் லேசுப்பட்ட ஆளா? ரோலிங் மில்லில் முப்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். தாவீதும் எத்தனையோ தடவை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் பழப்பையுமாக வந்து நின்றுவிட்டான். பர்மனெண்ட் ஆகிவிட்டேன் என்று சத்தியம் செய்தாலும் மனுஷன் நம்புவதில்லை. “காண்ட்ராக்ட் பையனுக்கெல்லாம் பொண்ணு இல்ல, நடையக் கட்டு” என்று ஒரே பதில்தான்.

உள்ளே பெரியவர் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

“யாரு நிக்கிறது?”

“தாவீது சார். உங்க பொண்ணு மேரிய... கட்டிக்கலாம்னு கேட்டு வந்தேன் சார்.” இத்தனை தடவை கேட்டும் நாக்கு குழறியது, போங்கள்.

பாக்கியநாதன் கண்ணாடியைத் தேடி மாட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தார். ஃபோர்மேன் பழக்கம் போகுமா? தாவீது வேலை பார்ப்பதும் அதே மில்தான்; அங்கே காண்ட்ராக்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை. சாம்பல் நிறம் பர்மனெண்ட் ஆட்களுக்கு மட்டும்தான். கையை நீட்டிச் சட்டைத் துணியைத் தடவிப் பார்த்தார்.

“அட, பர்மனெண்ட் ஆயிட்டியாடா! இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?”

அட மடையா என்று தாவீது தன்னைத்தானே திட்டிக்கொண்டான். இந்தச் சட்டை தினமும் கொடியில்தானே தொங்கியது!

“எம் பொண்ணு செல்லமா வளந்தவ. கண்கலங்காம பாத்துக்குவியா?”

“பாத்துக்கினுதானே...”

கதவுக்குப் பின்னால் மேரி இருமினாள்.

“பாத்துக்குவேன் சார்! நல்லா பாத்துக்குவேன்!”

பெரியவர் யோசித்தார்.

“சரி. கட்டித் தரேன்.”

“சார்!”

“இன்னும் இன்னா சாரு? மாமான்னு கூப்புடு. ஈஸ்டர் முடியட்டும், கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்றேன்.” அவனைக் கிட்டே இழுத்து நெற்றியில் சிலுவை போட்டார். “ஏ மேரி, மாப்பிள்ளைக்கு காபி எடுத்தா!”

மேரி காபியா எடுத்து வந்தாள்? கையில் செல்போனோடு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஓடி வந்தாள். “ரெக்கார்ட் ஆயிடுச்சு தாவீது, எல்லாம் ரெக்கார்ட் ஆயிடுச்சு!” என்று குதித்தாள்.

“மாமா” என்று கூப்பிட்டுப் பார்த்தான் தாவீது.

அப்போது வாசலில் ஸ்கூல் வேன் வந்து நின்றது. மூன்றாவது படிக்கும் ஸ்நேகா பையை வீசிவிட்டு ஓடிவந்து தாவீதின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“இன்னா டாடி, தாத்தா இன்னிக்கும் நம்ம எல்லாரையும் மறந்துட்டாரா? மம்மிய உனக்குக் கட்டித் தரேன்னு இன்னிக்காச்சும் சொன்னாரா?”