மூன்று கடைகளுக்கான வரி

"மூணாவது கடையோட வருமானத்தையும் சொல்லிடுங்க சம்பந்தி" என்றார் ஒரின்பசார், காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தபடி.

துலேகெனுக்கு மூன்றாவது கடை கிடையாது. இரண்டாவதும் கிடையாது.

கரகந்தா நகரச் சந்தையின் கடைசி வரிசையில் ஒரு பழைய சரக்குப் பெட்டகம். அதற்குள் காலுறை வியாபாரம். அவ்வளவுதான் அவருடைய சாம்ராஜ்யம்.

பெண் கேட்டு வந்தவர்களிடம் மூன்று என்று சொன்னது வாய்தான். குதிரைக் கறி வெந்துகொண்டிருந்தது, பத்துப் பேர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாய் சொல்லிவிட்டது. அவர்கள் பக்கமும் சும்மா இருக்கவில்லை. "எங்க ஒரின்பசார் ஒரு நாள் வரலன்னா வரி ஆபீசுல ஒருத்தரும் நாற்காலியில உக்கார முடியாது" என்றார் கூட வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா. துலேகென் மிரண்டுபோய் இன்னொரு துண்டுக் கொழுப்பை ஒரின்பசாரின் தட்டில் வைத்தார்.

இந்த வருஷம் வரிப் படிவம் மாறிவிட்டது. சந்தைக்காரர்கள் எல்லோரும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ரிம்மா பாவ்லோவ்னாவிடம் ஓடினார்கள். அந்த அம்மாள் காசு வாங்குவாள், திட்டுவாள், சரியாக எழுதித் தருவாள். துலேகெனும் அங்கேதான் வரிசையில் நின்றார். யாரோ பார்த்து, யாரிடமோ சொல்லி, சம்பந்தியிடமிருந்து போன் வந்துவிட்டது. குடும்பத்திலேயே நிபுணர் இருக்கும்போது வெளியாளிடம் போய் நிற்பது யாரை அவமானப்படுத்த?

ஆக, பகல் பன்னிரண்டு மணியிலிருந்து இங்கே, சம்பந்தி வீட்டில்.

எதிரே கம்ஷாத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் மகள், ஏழு மாதமாக இந்த வீட்டு மருமகள். கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றினாள். அதுதான் மரியாதை. குறைவாக ஊற்றினால் இன்னும் இருங்கள் என்று அர்த்தம். நிறைய ஊற்றினால், வாசல் அந்தப் பக்கம்.

இது பதினோராவது கால்வாசி.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஒரு கடைக்கு வரி சுண்டைக்காய்தான். ஆனால் நாளையிலிருந்து இந்த வீட்டில் கம்ஷாத்துக்குப் பேர், புளுகன் மகள்.

சொல்லாமல் கையெழுத்துப் போடலாம். இல்லாத இரண்டு கடைகளுக்கு வரி கட்ட, இருக்கிற ஒன்றை விற்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது கடைக்கு ஒரு தொகையை மெல்லச் சொன்னார். ஒரின்பசாரின் புருவம் லேசாக உயர்ந்தது. உடனே, யாரும் கேட்காமலே, இன்னும் இரண்டு லட்சம் தெங்கே கூட்டிச் சொன்னார்.

ஒரின்பசாரின் தலைக்கு மேலே, தங்க நிறச் சட்டத்துக்குள் ஒரு நற்சான்றிதழ். வரி அலுவலகத்தின் முத்திரை தட்டு அகலத்துக்கு இருந்தது. 'இருபத்தாறு ஆண்டுகள் அப்பழுக்கற்ற சேவைக்காக.' கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அதை அலமாரி மேலிருந்த பிளாஸ்டிக் துலிப் பூச்சாடி மறைத்துக்கொண்டிருந்தது.

"கையெழுத்து?" என்று படிவத்தை நகர்த்தினார் ஒரின்பசார்.

நேரம் கடத்தத்தான் துலேகென் கேட்டார்: "குளிர்ல ரெண்டு மாசம் பூட்டியே வெச்சிருந்தேனே சம்பந்தி, அத எந்தக் கட்டத்துல எழுதறது?"

அன்று அந்த அறையில் கேட்கப்பட்ட முதல் உண்மையான வரிக் கேள்வி அது.

ஒரின்பசார் படிவத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அதெல்லாம் உள்ள இருக்கறவங்களுக்குத்தான் புரியும். நீங்க போடுங்க."

பேனா துலேகெனின் விரல்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது.

கம்ஷாத் அவருடைய கிண்ணத்தை எடுத்தாள். ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். தேநீர் விளிம்பைத் தொட்டது, தாண்டியது, மேசை விரிப்பில் வழிந்தது.

பெற்ற தகப்பனுக்கு வாசலைக் காட்டுகிறாள்.

துலேகெனின் காது மடல் கொதித்தது. மாமனார் எழுந்து கத்த வேண்டிய இடம் அது. சம்பந்தியம்மாள் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள், இருந்திருந்தால் கத்தியிருப்பாள்.

ஒரின்பசார் கத்தவில்லை. பானை மூடியைத் திறந்தது போல ஒரு பெருமூச்சு விட்டார்.

"மூணு கடை வெச்சிருக்கறவருக்கு எவ்வளவு வேலை இருக்கும்! நாமதான் புடிச்சு உக்கார வெச்சுட்டோம்" என்று அவசரமாகச் சொல்லி, கையெழுத்தில்லாத படிவத்தைத் தானே மடித்து துலேகெனின் சட்டைப்பையில் செருகினார்.

கம்ஷாத் துடைக்கத் துணி எடுக்கப் போனாள். பூச்சாடிக்கு அடியில்தான் கிடந்ததோ என்னவோ, சாடியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். திரும்ப வைக்கவில்லை.

துலேகென் படித்தார்.

'கொதிகலன் அறை, கரி அள்ளும் பிரிவு.'

இருபத்தாறு கரகந்தா குளிர்காலங்களில் அந்த ஆபீசைச் சூடாக வைத்திருந்தவர். அந்தச் சித்தப்பா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அவர் கண் போன திசையை ஒரின்பசாரும் பார்த்தார். அதற்குப் பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

துலேகென் நிறைந்த கிண்ணத்தை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு எழுந்தார். அலமாரிக்குப் போனார். பூச்சாடியைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"பூ இங்கதான் சம்பந்தி எடுப்பா இருக்கு."

ஒரின்பசார் தொண்டையைச் செருமினார்.

"உங்க மூணு கடையும் நல்லபடியா நடக்கணும் சம்பந்தி" என்றார். 'மூணு' என்கிற சொல்லை மட்டும், தரையில் கிடக்கிற முட்டையைத் தாண்டுவது போலத் தாண்டினார்.

நடையில் துலேகெனின் காலணிகள் தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. வலது காலணிக்குள் ஒரு துண்டுக் காகிதம், மகளின் கையெழுத்தில்.

'நாளைக்குக் காலை ஒன்பது மணி. ரிம்மா பாவ்லோவ்னா. ஒரு கடைதான்னு சொல்லி வெச்சிருக்கேன்.'