கயிறு பிடிக்க ஒரு ஆள்

முத்துக்குளித்துறையின் மானம் அன்று ஒரு கயிற்றில் தொங்கியது. கயிற்றின் மறுமுனை செந்தூர்வேலின் கட்டைவிரலுக்கு அடியில், ஒரு நீல பட்டனாக இருந்தது.

தூத்துக்குடியில் ஒரு கல்யாண மண்டபம். சென்னை கம்பெனி ஒன்று தன் வீடியோ கேமுக்குப் புது வீரனைத் தேடி அங்கே போட்டி வைத்திருந்தது. அந்தரத்தில் மிதக்கும் தளங்களில் நின்று அடித்துக்கொள்ளும் சண்டை. விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தவன் காலி.

போட்டியாளர்கள் ஆளுக்கொரு வீரனை வடிவமைத்திருந்தார்கள். முதலிடம் பிடித்தது ஜெனோவின் வீரன். கம்பெனியின் சாம்பியனான இரும்பனை அவன் வீழ்த்திவிட்டால், ஜெனோவுக்கு அங்கேயே வேலை. தோற்றால், அந்த வேலை இரண்டாம் இடத்துக்காரனுக்கு.

இரண்டாம் இடத்துக்காரன் செந்தூர்வேல். ஜெனோவின் பள்ளிக்கூட சிநேகிதன். கயிற்றைப் பிடிக்கப் போகிறவனும் அவனே.

இரவல் கோட்டுக்குள் வியர்த்தபடி ஜெனோ மைக்கைப் பிடித்தான். "என் வீரன் பேரு முத்தரசன். கடல் எங்க ரத்தத்துல ஓடுது!" என்று முழங்கினான். கடலில் அவன் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

பிறகு அடிகளை விளக்கினான். பக்கவாட்டில் அடிக்கச் சிப்பிக் கத்தி. கீழ்நோக்கி அடிக்க, முத்துக் குளிப்பவன் ஆழத்துக்குப் போகக் காலில் மாட்டும் கல். அது நேராக எதிராளியின் தலையில் இறங்கும். தற்காப்புக்கு மூச்சடக்கல்.

"கீழ விழுந்தா மேல வாரதுக்கு என்ன வச்சிருக்கிய?" என்று கேட்டார் நடுவர் ஷெர்லி. இந்தப் பக்கத்து நாசரேத்துக்காரர், கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர்.

"ஒண்ணுமில்ல மேடம்."

"ஒண்ணுமில்லயா? மத்தவன்லாம் அந்தரத்துல இன்னொரு குதி குதிச்சு ஏறி வந்துருவானே!"

"முத்தரசன் குரங்கு இல்ல மேடம், குதிக்க. இடுப்புல கயிறு கெடக்கு. மேல ஒரு ஆள் இழுப்பான். அந்த ஆளுக்குத் தனி கன்ட்ரோலர்."

"அந்த ஆளு விட்டுட்டாம்னா?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல ஜெனோ கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "அங்கனதான் மேடம் எங்காளுங்க மூள இருக்கு. முத்துக் குளிக்கப் போறவனுக்குக் கயிறு பிடிக்கது மச்சினன். பொஞ்சாதி கூடப்பொறந்தவன். தங்கச்சி தாலிய நெனச்சாவது கைய விடமாட்டாம்லா?"

"அப்ப இவரு உங்க மச்சினனா?"

"மச்சினனுக்கு எங்க போவேன் மேடம்! ஃப்ரெண்ட வச்சு ஒப்பேத்துதேன்."

மண்டபம் சிரித்தது. செந்தூர்வேல் சிரிக்கவில்லை. நீல பட்டனை ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொண்டான்.

பயிற்சியில் அவன் பாதி நேரம் கயிற்றை விட்டுவிடுவான். தும்மல் வந்தது என்பான். போன் அடித்தது என்பான். ஆனால் இந்த வாரம் முழுக்க ஒருமுறைகூட விடவில்லை. ஜெனோவிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பயல் மனசை ஒருமுகப்படுத்துகிறான் என்று ஜெனோ பெருமைப்பட்டுக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கியது. இரும்பன் துறைமுகக் கிரேன் போன்ற கையால் விளாச, முத்தரசன் தளத்துக்குத் தளம் பந்தாகத் தெறித்தான். இருவருக்கும் கடைசி உயிர் மட்டும் மிச்சம்.

செந்தூர்வேலின் பின்னால் நின்ற அவன் கூட்டாளி பாலகணேஷ் காதருகே குனிந்தான். "ஏலே, லூசு. வெரல எடுத்தா வேல உனக்குத்தாம்ல. தும்மல் வந்துட்டுன்னு சொல்லிக்கிடலாம்."

செந்தூர்வேல் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பட்டன்மேல் வைத்தான்.

அப்போது விழுந்தது அந்த அடி. முத்தரசன் விளிம்பைத் தாண்டிப் போய், திரையின் அடிமட்டத்தை நோக்கிச் சரிந்தான்.

"இழு! ஏலே, இழுல!" ஜெனோவின் குரல் கீச்சென்று உடைந்தது. கடல் ஓடும் ரத்தம் முகத்தைவிட்டு வடிந்துவிட்டிருந்தது.

செந்தூர்வேல் அமுக்கினான். கயிறு விறைத்தது. ஆள் மேலே வந்து சேரும்வரை விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் கயிறு அறுந்துவிடும். அதுதான் ஜெனோ வைத்த விதி.

பாதி தூரம் வந்திருப்பான். பாலகணேஷ் தெரியாததுபோல முழங்கையில் ஓர் இடி இடித்தான். கன்ட்ரோலர் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

அதைப் பிடித்தபடியே செந்தூர்வேலும் விழுந்தான். நாற்காலி ஒரு பக்கம் உருண்டது, முட்டி தரையில் மோதியது, மூக்குக்கண்ணாடி எங்கேயோ பறந்தது. குப்புறக் கிடந்தவனின் கட்டைவிரல் மட்டும் பட்டனைவிட்டு அசையவில்லை.

முத்தரசன் விளிம்பைத் தாண்டி மேலே எழும்பினான். இரும்பன் அண்ணாந்து பார்ப்பதற்குள் கல் அவன் தலையில் இறங்கியது. இரும்பன் கீழே போன வேகத்தில் திரையே குலுங்கியது.

மண்டபம் எழுந்து நின்று கத்தியது. ஷெர்லி மேடையைவிட்டு இறங்கி வந்து, செந்தூர்வேலின் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பிறகு அவன் வாயருகே மைக்கை நீட்டினார்.

"தம்பி, கயித்த விட்டிருந்தா இந்த வேல உங்களுக்கு. ஏன் விடல?"

ஜெனோ ஓடிவந்து செந்தூர்வேலின் தோளில் கைபோட்டான். கண்ணில் நீர். "நட்பு மேடம்! தூத்துக்குடி நட்பு! இது உலகத்துல எங்கயும் கெடைக்காது!"

செந்தூர்வேல் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்து, ஜெனோவின் கோட்டுப் பக்கமாகவே திருப்பி வைத்தான்.

"போன வாரம் என் தங்கச்சிய ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணியிருக்கான், மேடம்."